துயரம் செய்தியாகும் வேளை: பரபரப்பு ஊடகமும் பாதிக்கப்பட்டவரின் உரிமையும்

2008ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் சர்வதேச தொண்டு நிறுவனங்களும் வன்னியிலிருந்து வெளியேற வேண்டும் என அரசாங்கம் உத்தரவிட்டது. சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்ப் பிரதேசத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்து வந்த மாதங்களில் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டிருந்த மக்களிடம் ஒரு ஏக்கம் இருந்தது: இங்கு நடப்பதை யாராவது ஒருவர் படம்பிடித்து வெளியே காட்ட மாட்டாரா?

அதே மக்களில் பலர் இன்று கமராவைக் கண்டால் படலையைச் சாத்துகிறார்கள். பிள்ளையைத் தேடும் தாய், தடுப்பிலிருந்து மீண்டு வந்த முன்னாள் போராளி, கணவனை இழந்து குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண் எனப் பலரிடமும் ‘பேட்டி வேண்டாம் தம்பி, போதும்’ என்ற பதிலை நான் கேட்டிருக்கிறேன். சாட்சியமில்லாமல் அழிக்கப்பட்ட ஒரு சமூகம், சாட்சி சொல்ல வரும் ஊடகத்தைப் பார்த்து ஏன் ஒதுங்குகிறது? செய்தி அறைகளில் பல ஆண்டுகள் பிரதிகளைச் செம்மைப்படுத்தும் வேலையில் இருந்தவன் என்ற வகையில் இந்தக் கேள்விக்குரிய விடயங்களை ஓரிடத்தில் தொகுத்துத் தர விரும்புகிறேன். ஊடகவியலாளருக்கும் இது பயன்படலாம். ஆனால் நான் முதலில் மனதில் வைத்து எழுதுவது, செய்தியாக்கப்படும் மக்களை.

பரபரப்பும் அத்துமீறலும்

இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தாலும் ஒன்றல்ல. உண்மையின் அளவை ஊதிப் பெருப்பிப்பது பரபரப்பு. ‘யாழில் பரபரப்பு’, ‘நடந்தது என்ன?’, ‘அதிர்ச்சிக் காணொளி உள்ளே’, ‘இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்’ போன்ற தலைப்புகள் நமக்குப் பழகிப்போனவை. செய்தியைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு வரி இருக்கும்.

உண்மையாகவே இருந்தாலும் வெளியே வரத் தேவையில்லாத ஒன்றை, உரியவரின் சம்மதம் இன்றி எடுத்து வெளியிடுவது அத்துமீறல். செத்தவீட்டில் மயங்கி விழும் தாயின் முகம், வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவரின் படம், இறந்தவரின் முகநூலிலிருந்து இறக்கிய குடும்பப் புகைப்படம் என்பன அவ்வகை. ‘பொய்யா எழுதினோம்?’ என்பது பரபரப்புக் குற்றச்சாட்டுக்கு ஒருவேளை பதிலாகலாம். அத்துமீறலுக்கு அது பதிலாகாது.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது எளிய கணக்கு. இணையத்தளத்தின் வருமானம் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. யூரியூப் அலைவரிசைக்கும் அப்படியே. முதலில் போடுபவருக்கே பார்வையாளர் கிடைப்பதால், உறுதிப்படுத்துவதற்குச் செலவாகும் ஒரு மணித்தியாலம் நட்டமாகத் தெரிகிறது.

கல்முனைக் குழந்தையும் ஒன்பது தாய்மாரும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலைக்கு ஒரு கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்ட 81ஆவது ஆள் என்பதால் அதற்கு ‘குழந்தை 81’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சில நாட்களில், ஒன்பது தாய்மார் அந்தக் குழந்தைக்கு உரிமை கோரிச் சண்டையிடுகிறார்கள் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒன்பது தாய்மாரும் பிழைத்த ஒரே குழந்தையும் என்றால், எந்தத் தொலைக்காட்சிதான் அதை விடும்?

உண்மையில் சட்டப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதி. ஆனாலும் ‘ஒன்பது’ என்ற எண்ணோடு விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மரபணுப் பரிசோதனையின் பின்னர் 2005 பெப்ரவரி நடுப்பகுதியில்தான் குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த மாதமே அந்தக் குடும்பம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நியூயோர்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்டது. பின்னரும் ஆழிப்பேரலை நினைவு நாளை ஒட்டி அந்த எண்ணைத் தேடிச் செய்தியாளர்கள் போனார்கள்.

இந்தச் சம்பவத்தில் கெட்ட எண்ணத்தோடு எழுதியவர் என்று யாரையும் காட்டுவது கடினம். வாய்வழியாக வந்த ஒரு எண்ணை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வைத்தியசாலைக்கு வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போன, பிள்ளையை இழந்த ஒவ்வொருவரும் ‘உரிமை கோரியவர்’ ஆகிவிட்டார்கள். கதை அழகாக இருந்ததால் அதை யாரும் சந்தேகிக்கவில்லை. ஒரு செய்தி எவ்வளவு உருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாக அதைச் சோதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அவர் தானாகத் தேடிப் பெற்ற புகழ் அது அல்ல.

எழுதாமலே தெரியும் பெயர்

2015ஆம் ஆண்டு வடக்கில் ஒரு பாடசாலை மாணவி வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெயரையோ ஊரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. ஆனால் இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இரண்டும் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். சடலம் கிடந்த நிலையில் எடுக்கப்பட்ட படமும் சிலருக்கு நினைவுக்கு வந்திருக்கும். நான் சொல்ல வந்த விடயம் அதுதான்.

தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட 365இ பிரிவு, பாலியல் வன்புணர்வு உள்ளிட்ட குற்றங்களால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விபரத்தையோ வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் எழுத்துமூலம் அனுமதிப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

‘அடையாளம் காட்டக்கூடிய எந்த விபரமும்’ என்ற பகுதியைத்தான் நமது ஊடகங்கள் அதிகம் மறக்கின்றன. பெயரை விட்டுவிட்டு, கிராமத்தையும் பாடசாலையையும் வகுப்பையும் தகப்பனின் தொழிலையும் எழுதினால் யாரை மறைத்தோம்? முகத்தை மங்கலாக்கிவிட்டு, வீட்டு முற்றத்தைத் தெளிவாகக் காட்டினால் என்ன பயன்? முந்நூறு குடும்பங்கள் வாழும் ஒரு ஊரில் மூன்று விபரம் போதும், ஆளைச் சொல்லிவிடலாம். குற்றவாளி உறவினராக இருக்கும் வழக்குகளில் அவருடைய பெயரை எழுதுவதே பிள்ளையின் பெயரை எழுதுவதாகிவிடும்.

ஊர் திரண்டு நீதி கேட்டபோது பெயரும் படமும்தானே உதவின என்று சிலர் வாதிடுவார்கள். மக்கள் கொதித்தெழுந்தது குற்றத்தைக் கண்டு. அந்தக் கோபத்துக்குச் சடலத்தின் படம் தேவைப்படவில்லை. அந்தப் படத்தைத் தாயும் சகோதரரும் வாழ்நாள் முழுவதும் யாருடைய கைத்தொலைபேசியிலும் எதிர்பாராமல் காண நேரிடும் என்பதுதான் மிச்சம்.

தற்கொலைச் செய்திகள்

1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த நிலை பின்னர் வெகுவாகக் குறைந்தது. ஆனால் நமது செய்திகளின் எழுத்து முறை குறையவில்லை. ‘இளம் குடும்பப் பெண்ணின் விபரீத முடிவு’, ‘தவறான முடிவெடுத்து உயிர்மாய்த்தார்’ என்ற தலைப்பு. அடுத்த வரியில் முறை, இடம், கடிதம், ‘காதல் தோல்வியே காரணம்’.

இப்படி எழுதுவது உயிரைப் பறிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் 1980களில் நிலக்கீழ் ரயில் பாதையில் தற்கொலைகள் அதிகரித்தன. பத்திரிகைகள் அவற்றை விபரமாகவும் உணர்ச்சிகரமாகவும் வெளியிட்டன. 1987ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தற்கொலைத் தடுப்பு நிபுணர்கள் ஊடகங்களுக்கு வழிகாட்டிக் குறிப்புகளைக் கொடுத்தார்கள். பத்திரிகைகளும் அவற்றை ஏற்றன. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியில் ரயில் பாதைச் சம்பவங்கள் முதல் பாதியைவிட 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன.

உலக சுகாதார நிறுவனம் ஊடகவியலாளருக்கென வெளியிட்டுள்ள வழிகாட்டியும் இதையே சொல்கிறது. முறையை விபரிக்காதீர்கள். இடத்தைப் பிரபலமாக்காதீர்கள். கடிதத்தை வெளியிடாதீர்கள். ஒற்றைக் காரணம் சொல்லி முடிக்காதீர்கள். உதவி எங்கே கிடைக்கும் என்று எழுதுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐச் செய்தியின் அடியில் சேர்க்க ஒரு வரி போதும். சடங்கு முடிவதற்கு முன்னரே ‘காரணம்’ கண்டுபிடித்து எழுதும் செய்தி, மிஞ்சியிருக்கும் மனைவியையோ மாமியாரையோ ஊருக்கு முன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இறந்தவரின் படம்: சாட்சியமா, காட்சிப்பொருளா?

நமது வாசகர்களுக்கு மிகக் கடினமான கேள்வி இதுவே. ‘சடலங்களின் படத்தை வெளியிடாதே’ என்ற மேற்குலகப் பத்திரிகை விதியை அப்படியே எடுத்து நமக்குப் பொருத்த முடியாது. கொல்லப்பட்டவர்களின் படங்கள் வெளிவந்திராவிட்டால், இறுதிப் போரில் என்ன நடந்தது என்பதை உலகம் பேசியிருக்காது.

ஆனால் அவை எப்படிச் சாட்சியம் ஆயின என்று பாருங்கள். கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளியை 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியபோது இலங்கை அரசாங்கம் அது போலியானது என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன் காணொளி நிபுணர், தடயவியல் மருத்துவர், துப்பாக்கி நிபுணர் ஆகிய மூவரைக் கொண்டு அதை ஆராயச் செய்தார். அது உண்மையானது என்பதையே அவர்களின் ஆய்வு சுட்டியது. அந்தக் கோப்பில் இருந்த தொழில்நுட்பத் தரவுகளையும் காட்சியின் ஒவ்வொரு வினாடியையும் அவர்களால் பரிசோதிக்க முடிந்தது.

ஒவ்வொரு மே மாதமும் நம் கைத்தொலைபேசிகளுக்கு வந்து சேரும் படங்களின் கதி வேறு. பின்னணியில் சோக இசை, மேலே இணையத்தளத்தின் முத்திரை, கீழே ‘பகிருங்கள்’ என்ற வேண்டுகோள். வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது எப்போது, எதனால் எடுக்கப்பட்டது போன்ற உட்தரவுகள் நீங்கிவிடுகின்றன, தரமும் குறைகிறது. வெட்டி, ஒட்டி, முத்திரை குத்தப்பட்ட படத்தைப் பார்த்து ‘போலி’ என்று சொல்வது எதிர்த்தரப்புக்கு எளிதாகிறது. வேறு நாட்டுப் போரின் படம் ஒன்று தவறுதலாக நடுவில் கலந்துவிட்டால், உண்மையான பத்துப் படங்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

ஆகவே நான் பின்பற்றும் அளவுகோல் இது. மூலப் பிரதியை எதுவும் மாற்றாமல் பாதுகாக்க வேண்டும். எடுத்தவர், இடம், திகதி ஆகிய விபரங்களைத் தனியே எழுதி வைக்க வேண்டும். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம் இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க ஒரு பொறிமுறையை ஏற்படுத்தியது. அத்தகைய இடங்களில் பெறுமதி பெறுவது மூலப் பிரதி. பொதுவெளியில் வெளியிடுவது வேறு விடயம்; அங்கு குடும்பத்தின் விருப்பம் முதலில் வர வேண்டும். குறிப்பாக, ஆடை களையப்பட்ட நிலையில் இருக்கும் பெண்களின் உடல்களை மீண்டும் மீண்டும் பகிர்வது, கொன்றவர்கள் செய்த அவமதிப்பை நாமே தொடர்வதாகும். என்ன நடந்தது என்பதைச் சொற்களால் எழுதலாம்.

செம்மணி இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானப் புதைகுழியிலிருந்து எலும்புக்கூடுகளோடு புத்தகப்பை, பொம்மை போன்ற பொருட்களும் எடுக்கப்பட்டன. ஓகஸ்டில் அப்பொருட்கள் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிப்படுத்தப்பட்டன. அந்தப் பொருட்களின் படத்தை வெளியிடுவதில் பொதுநலன் உண்டு. எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் உறவினர் கூட அடையாளம் காணலாம். ஆனால் ஒரு துணித்துண்டைக் கண்டு தாய் ஒருவர் தடுமாறும் கணத்தில் அவருடைய முகத்தருகே கமராவை நீட்டுவதால் யாருக்கு என்ன அடையாளம் கிடைக்கும்?

சம்மதம் என்றால் என்ன?

வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகைகளுக்கு வந்த செய்தியாளர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்வி: ‘கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?’ அழுகை வராவிட்டால், வரும்வரை கேள்வி மாறும். ‘நாங்கள் அழுதால்தான் போடுவினம்’ என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவருடைய சட்டக் கேள்விகளையும், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளையும் கேட்டு எழுதியவர்கள் குறைவு.

‘அவர்தான் ஓம் என்றாரே’ என்பது முழுச் சம்மதம் அல்ல. இந்தப் படம் எங்கெல்லாம் போகும், எத்தனை காலம் இணையத்தில் இருக்கும், புலனாய்வாளர்களும் பார்க்கலாம் என்பவை விளங்கிய பின் சொல்லும் ஓம்தான் சம்மதம். நமது பிரதேசத்தில் ஒரு முகம் வெளிவந்தால், அடுத்த நாள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களோ என்ற அச்சம் கற்பனையல்ல. சிறு குற்றமொன்றில் பிடிபட்டவரைக் கூட ‘முன்னாள் போராளி கைது’ என்று தலைப்பிடும்போது, ஊரிலுள்ள மற்ற முன்னாள் போராளிகளின் வேலையும் கலியாணமும் சேர்த்துப் பாதிக்கப்படுகின்றன.

உதவிக் காணொளிகள் இதிலும் மோசமானவை. ஓலைக் குடிசை, காலியான அடுப்பு, சிறுமியின் கண்ணீர், பின் ஒரு அரிசி மூட்டை. புலம்பெயர் உறவுகளின் நல்ல மனது இதனால் பயன்படுத்தப்படுகிறது. பசித்திருக்கும் ஒருவரிடம் உதவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை. பணம் அனுப்புபவர்கள் காணொளியைக் கேட்காமல் பற்றுச்சீட்டைக் கேட்டால் போதும். இந்த வழக்கம் பாதி குறைந்துவிடும்.

பொலிஸ் சொன்னால் போதுமா?

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின், தேடப்படுவோர் எனப் பொலிஸார் வெளியிட்ட படங்களில் அமெரிக்காவில் வாழும் ஒரு இளம் பெண்ணின் படமும் தவறாக இடம்பெற்றது. பொலிஸார் தவறை ஏற்பதற்குள் படம் உலகைச் சுற்றிவிட்டது. அடுத்த மாதம் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் 4000 சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. அவர் கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ‘பயங்கரவாதி’ என்ற ஒற்றைச் சொல்லோடு எத்தனையோ தமிழ் இளைஞர்களின் படங்கள் தென்னிலங்கைப் பத்திரிகைகளில் வந்ததை அறிந்த நாம், இன்னொரு சமூகத்தவருக்கு அது நடக்கும்போது தமிழில் மொழிபெயர்த்துப் போடுவது எப்படி நியாயம்?

நமக்குச் சாதகமான செய்தியிலும் இதே பொறுமை தேவை. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆய்வு முடிவுக்கு முன்பே பலர் அதற்கு ஆண்டு குறித்துவிட்டார்கள். 2019 மார்ச்சில் வந்த காபன் பரிசோதனை, மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. அந்த முடிவு பற்றிய கேள்விகள் பின்னரும் எழுந்தன. எப்படியாயினும், ‘ஆய்வு முடியும்வரை காலம் தெரியாது’ என்ற ஒரு வரியை முதல் நாளே எழுதியிருந்தால், ஏனைய புதைகுழிகளையும் கேலி செய்ய யாருக்கும் வாய்ப்புக் கிடைத்திராது.

எங்கே முறையிடலாம்?

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கெனத் தனி உரிமை கிடையாது. ஆனாலும் வழிகள் உண்டு.

பத்திரிகைகள் தொடர்பில், ஊடகத் துறையே ஏற்படுத்திய இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 முதல் இயங்குகிறது. திருத்தமும் பதிலளிக்கும் வாய்ப்பும் பெற்றுத்தர அது முயலும்; நட்டஈடு விதிக்காது. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பத்திரிகைப் பேரவை அரசு சார்ந்தது. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டாலும் குடியியல் வழக்குத் தொடரலாம். சிறுவர் சம்பந்தப்பட்டிருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தையும், பெண்கள் தொடர்பில் 1938 இலக்கத்தையும் அழைக்கலாம். முகநூல், யூரியூப் தளங்களில் தனியுரிமை மீறல் என்று நேரடியாக முறையிட்டும் காணொளியை நீக்கக் கோரலாம்.

அரசு இன்னும் கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மயில்வாகனம் நிமலராஜன் 2000இலும் தர்மரத்தினம் சிவராம் 2005இலும் கொல்லப்பட்ட நாடு இது. 2006 மே மாதம் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஊடகவியலாளர்கள் எதிர்த்ததற்கும் காரணம் உண்டு. கடிவாளத்தை அரசின் கையில் கொடுத்தால் முதலில் இழுக்கப்படுவது யாருடைய வாய் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் ஊடகம் தன்னைத் தானே திருத்திக்கொள்வது அவசரமாகிறது.

செய்தியாளர் உங்கள் வீட்டுக்கு வந்தால்

1. பெயர், ஊடகம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள்.

2. ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. பேச்சின் நடுவிலும் நிறுத்தலாம்.

3. பேசலாம், படம் வேண்டாம் என்று சொல்லலாம். பெயரை மாற்றும்படி கேட்கலாம். இதைப் பேட்டி தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள்.

4. செத்தவீட்டில் குடும்பத்தின் சார்பில் பேச ஒருவரை நியமியுங்கள். மற்றவர்களிடம் கமரா போக வேண்டாம் என்று அவரே சொல்லட்டும்.

5. பிள்ளைகளைத் தனியே பேட்டி காண விடாதீர்கள்.

6. ஆவணங்களின் பிரதியை மட்டும் கொடுங்கள். மூலப் புகைப்படத்தையோ கடிதத்தையோ ஒருபோதும் கையளிக்காதீர்கள்.

7. தவறாக வெளிவந்தால் திரைப்பிடிப்பு எடுத்து, திகதி நேரத்தோடு பாதுகாத்து, ஆசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

வாசகராக நமக்கும் பங்கு உண்டு. சடலத்தின் படம் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் விடலாம். அனுப்பியவருக்கு ‘இதை அவருடைய வீட்டார் பார்த்தால்?’ என்று ஒரு வரி எழுதலாம். பெயர் மறைத்துப் பொறுப்போடு எழுதும் செய்தியைத் திறந்து முழுதாக வாசிக்கலாம். அந்தக் கணக்கும் ஆசிரியரின் திரையில் தெரியும். எனக்குத் தெரிந்த பல இளம் செய்தியாளர்கள் நல்ல முறையில் எழுதவே விரும்புகிறார்கள். அப்படி எழுதியதை யாரோ வாசித்தார்கள் என்று அவர்களால் தமது ஆசிரியருக்குக் காட்ட முடிய வேண்டும்.